புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதப் போகும் தம்பிகளுக்கு

மூன்றாம் ஆண்டு வந்துவிட்டால் நமக்கெல்லாம் ஒரே கவலைதான், புராஜெக்ட் ரிப்போர்ட். "எழுதுறதுக்கு என்னண்ணே இருக்கு? போன வருஷத்து ரிப்போர்ட்டை வாங்கி முதல் பக்கத்தை மாத்திட்டா முடிஞ்சுது" என்றார் ஜூனியர் தம்பி ஒருவர். முதல் பக்கத்தை மாற்றிவிடலாம் தம்பி. வாய்மொழித் தேர்வில் "இந்த அளவை வாய்க்காலின் எந்தக் கரையில் நின்று எடுத்தாய்?" என்று கேட்டால் என்ன செய்வாய்?

மாணவன் எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, தங்களுக்குத் தெரிந்த கிராமங்களைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம், பயிர், கால்நடை, கடன், கூலி என்று விசாரித்து எழுதியவை 1918-ல் புத்தகமாக வந்தன. அதில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. நம்ம டெல்டா ஊர்தான்! 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். நூறு ஆண்டு கழித்து 2019-லும் பாலக்குறிச்சிக்கு ஆய்வாளர்கள் போனார்கள். 'விவசாயிகள் கஷ்டப்படுகிறார்கள்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் பின்னால் வந்தவர்கள் எதை எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

இப்போது நம்ம முத்துப்பேட்டைக்கு வருவோம். பாமணியாறும் கோரையாறும் வந்து வடிகிற கடைமடை இது. எங்கள் குழு நால்வரும் ஒரு வடிகால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, அதில் உப்பு எவ்வளவு என்று பார்த்தோம். கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நட்டு, ஒரு மிதவையை விட்டு நேரம் பார்ப்பது. மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஏறக்குறைய வரும். அதை வாய்க்காலின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். இந்த 0.85-ஐ எங்கிருந்து எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

உப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. கடல் ஏறும்போது எடுத்த தண்ணீர் ஒன்று சொல்லும், வற்றும்போது எடுத்தது வேறு சொல்லும். ஆகவே தேதி, மணி, அமாவாசையா பௌர்ணமியா என்பது வரை குறிக்காத அளவு வெறும் எண்தான். கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பிகளா, எழுதி முடிச்சா எனக்கு ஒரு காப்பி குடுங்க. நாத்து விட எந்தத் தண்ணியை நம்புறதுன்னு நானும் பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து அளவு நோட்டில் யாரும் ஊகமாக ஓர் எண்ணைப் போடவில்லை. அவர் நாற்று கருகினால் யார் பதில் சொல்வது?

இன்னொரு விஷயம், முடிவுரை. 'அலையாத்திக் காடு சுனாமியைத் தடுத்தது' என்று நம்ம பக்கத்தில் எல்லோரும் ஒரே வரியில் எழுதிவிடுவோம். பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து 2005-ல் வெளியான கட்டுரை, காடு சேதத்தைக் குறைத்தது என்றது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: அந்தக் குடியிருப்புகள் கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பதே சேதத்தைப் பெரும்பாலும் விளக்கிவிடுகிறதே என்று. காடு வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2018 கஜா புயலில் நம்ம காடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு விளைவுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றால் இரண்டையும் எழுத வேண்டும். மூன்று நாள் அளந்துவிட்டு 'ஆண்டு முழுவதும்' என்று எழுதுவதும் இதே தப்புதான்.

எழுதும் வரிசை பற்றிக் கேட்பார்கள். நோட்டில் சேறு காயும் முன்னே செய்முறை அத்தியாயத்தை எழுதிவிடுங்கள். பிறகு அட்டவணை, அப்புறம் முடிவு. சுருக்கம் முதல் பக்கத்தில் அச்சாகும், ஆனால் எழுத வேண்டியது கடைசியில். முன்னுரையில் காவிரித் தாயின் பெருமையை மூன்று பக்கம் பாடாதீர்கள், அரைப் பக்கம் போதும். தங்க எழுத்து பைண்டிங்கைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். காப்பி போடும்போது மட்டும் ஒன்று கூடுதலாகப் போடுங்கள், வாய்க்கால் கரைக்காரருக்கு.