கொழுந்து லொறி ஓட்டுபவர்களே, இடுப்பைக் காத்துக்கொள்ளுங்கள்

பசறை, லுணுகலை, ஹாலிஎல தோட்டப் பாதைகளில் லொறி, ட்ரெக்டர், ஓட்டோ ஓட்டுபவர்களின் இடுப்புவலிக்கு வயது மட்டும் காரணமல்ல. ஆசனம் வழியாக உடம்பில் ஏறும் அதிர்வும் காரணம். செக்கனுக்கு 4 முதல் 8 தடவை வரையான அதிர்வில் முதுகெலும்பு கூடுதலாகக் குலுங்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் முள்ளந்தண்டுத் தட்டுகள் பாதிக்கப்படலாம்.

• குழிப் பாதையில் வேகத்தைக் குறையுங்கள். முதல் மருந்து அதுதான்.
• ஆசனத்தின் பஞ்சு அமுங்கியிருந்தால் மாற்றுங்கள். முதுகு சாய்மானத்தில் படியட்டும். பெடலை எட்டிப் பிடித்து மிதிக்கும்படி உட்காராதீர்கள்.
• டயர் காற்றை உரிய அளவில் வைத்திருங்கள். ஷொக் அப்சோபரைக் காலத்துக்குக் காலம் பாருங்கள்.
• மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது இறங்கிச் சற்று நடங்கள்.
• வண்டியிலிருந்து குதிக்காதீர்கள். இறங்கிய கையோடு கொழுந்து மூட்டையைத் தூக்காதீர்கள். சில நிமிடங்கள் நடந்தபின் தூக்குங்கள்.

வலி காலுக்கு இறங்கினால் டொக்டரிடம் காட்டுங்கள். கவட்டுப் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வேலையிட அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002இலேயே நாளாந்த உச்சவரம்பு விதித்தது. நல்ல ஆசனமும் செப்பனிட்ட பாதையும் சலுகையல்ல. நிர்வாகத்திடம் உரிமையோடு கேளுங்கள்.