நெருப்பு மூட்டுவதா பெரிய வேலை?

சிறிஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ரொக்கெட் ஏவினால் கிழக்கிலங்கையின் வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்திலும் பேச்சு எழும். அந்தப் பேச்சில் அடிபடும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ரொக்கெட் நம் தலைக்கு மேலாலேயே தெற்கே போகிறது.

உண்மை: துருவப் பாதைக்குச் செல்லும் பிஎஸ்எல்வி ரொக்கெட் நேர் தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலால்தான் போகவேண்டும். கழன்று விழும் பாகங்கள் ஊர்மனைகளில் விழக்கூடாது. அதனால் முதலில் தென்கிழக்காக வங்கக் கடலுக்கு மேலே போய், பிறகே தெற்கே திரும்புகிறது. பனிச்சங்கேணிக்கு அது கிழக்கே, ஆழ்கடலுக்கு மேலே. இப்படி வளைந்து போக எரிபொருள் செலவாகும். கொண்டுபோகும் சுமை குறையும். சிறிய ரொக்கெட்டுகளை நேரே தெற்கே அனுப்பத்தான் தமிழ்நாட்டின் குலசேகரபட்டினத்தில் 2024 பெப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

நம்பிக்கை: ரொக்கெட் காற்றைத் தள்ளித்தான் எழும்புகிறது, காற்றில்லாத இடத்தில் தீயும் எரியாது.

உண்மை: தோணியில் நின்று நங்கூரத்தை முன்னே வீசினால் தோணி பின்னே நகரும். தள்ளிவிடத் தண்ணீரோ காற்றோ தேவையில்லை, வீசிய பாரமே போதும். ரொக்கெட் வீசுவது சூடான வாயுவை. எரிவதற்கு வேண்டிய ஒட்சியேற்றியையும் அது தன் தாங்கியிலேயே கொண்டுபோகிறது. காற்று உண்மையில் தடைதான். வெற்றிடத்தில் எஞ்சினின் உந்துதல் கூடுகிறது.

நம்பிக்கை: திரவ எஞ்சினில் தீ மூட்டுவதே கடினமான வேலை.

உண்மை: இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினில் தீ மூட்டும் கருவியே கிடையாது. அதன் இரு திரவங்களும் சந்தித்த கணமே தாமாகப் பற்றிக்கொள்ளும். 1974இல் பிரான்சுடன் செய்த ஒப்பந்தத்தின்படி, விகாஸுக்கு மூலமான வைக்கிங் எஞ்சின் வேலையில் பங்கெடுத்த நம்பி நாராயணன் முதலான பொறியியலாளர்கள் கற்றுவந்தது வேறு: இரு திரவங்களையும் சரியான விகிதத்தில், துடிப்பில்லாமல், பேரழுத்தத்தில் ஊட்டும் பம்பிகளை ஓட்டும் வித்தை. எரியறையின் வெப்பம் உலோகத்தையே உருக்கிவிடும். கடுங்குளிர்த் திரவங்களால் இயங்கும் கிரயோஜெனிக் எஞ்சினில் அறைச் சுவருக்குள் ஓடும் திரவ ஐதரசன்தான், சுழியத்துக்குக் கீழே 253 பாகைக் குளிரில், அதைக் காப்பாற்றுகிறது.

நம்பிக்கை: தரையில் ஒருமுறை எரிந்துவிட்டால் சோதனை முடிந்தது.

உண்மை: இந்தியாவின் சொந்தக் கிரயோஜெனிக் எஞ்சின் தரைச் சோதனைகளைத் தாண்டித்தான் 2010 ஏப்ரல் 15 அன்று பறந்தது. வானில் எரிபொருளை முன்னழுத்தும் பம்பி நின்றுபோய், ரொக்கெட் கடலில் விழுந்தது. அதன்பின் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உயரவானின் வெற்றிடத்தைச் செயற்கையாக உண்டாக்கி எஞ்சினை மூட்டிப் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று அது வென்றது.

விண்கலத்தின் சிறிய எஞ்சினுக்குச் சோதனை இன்னொரு விதம். செவ்வாய்க்கு அனுப்பிய மங்கள்யானின் 440 நியூட்டன் எஞ்சின் தருவது சுமார் 45 கிலோ பாரத்தைத் தாங்கும் விசை மட்டுமே. ஆனால் போகும் வழியில் சுமார் 300 நாட்கள் மூடிக்கிடந்து, பிறகு தவறாமல் பற்றவேண்டும். அதுவரை அரிக்கும் திரவங்கள் வால்வுகளைக் கெடுத்துவிடலாம் என்பதால் எரிபொருளுக்கு இரண்டாவது குழாய்வழியும் வைத்திருந்தார்கள். 2014 செப்ரெம்பர் 22 அன்று ஏறத்தாழ 4 செக்கன் மட்டும் மூட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து அது 23 நிமிடங்களுக்கு மேல் எரிந்து, கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக விகாஸை 2021 ஜூலை 14 அன்று மகேந்திரகிரியில் 240 செக்கன் தொடர்ந்து எரித்ததும் இந்தக் காரணத்தால்தான்: ஆள் ஏறும் வண்டிக்கு, பறக்கத் தேவையான நேரத்துக்கும் மேலாக எஞ்சின் தாக்குப்பிடிக்க வேண்டும். எனவே எஞ்சின் சோதனைச் செய்தி வந்தால் படத்தில் தீ எவ்வளவு நீளம் என்று பார்க்காதீர்கள். எத்தனை செக்கன் எரிந்தது, வெற்றிடத்தில் மூட்டினார்களா, அணைத்துவிட்டு மறுபடி மூட்டினார்களா என்று தேடுங்கள். அந்த மூன்றையும் சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.