வெடிக்கும்னு எழுதாதே, ராசாத்தி

தாத்தா எழுதுகிறேன்.

பேச்சுப் போட்டிக்கு நீ எழுதின 'அணு உலை வேண்டாம்' உரை வந்தது. ஆச்சி ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஏட்டி, ஒரு பக்கத்துக்குப் பதினொரு ஆச்சரியக்குறியா? தொண்டை கட்டிக்கொள்ளும்.

"கூடங்குளம் அணுகுண்டு போல வெடிக்கும்" என்ற வரியைப் பென்சிலால் அடித்துவிட்டேன். கோபப்படாதே. அந்த உலைக்குப் போகிற யுரேனியத்தில் பிளவுபடுகிற வகை 5 சதவீதத்துக்கும் குறைவு. குண்டுக்கு 90 சதவீதம் போல வேண்டும். 2011-ல் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடத்தின் கூரையைப் பிய்த்தெறிந்தது ஹைட்ரஜன் வாயு. பயப்பட அது போதாதா? எதிரணிப் பிள்ளை உன் பொய் வரி ஒன்றைப் பிடித்தால், நல்ல வரிகளும் சேர்ந்து அடிபடும்.

2012-ல் நம்ம வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இருக்காது. நீ கைக்குழந்தை, உனக்கு விசிறியே என் தோள் இற்றுப்போனது. "சீக்கிரம் உலையைத் திறந்தால் தேவலை" என்று புலம்பினவன் நான். அந்த நேரத்தில்தான் ஒருநாள் கூடங்குளம் பக்கத்து ஊரான இடிந்தகரைக்குப் போனேன். லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல். பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உலையை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். என் கரண்ட் கதையைச் சொன்னேன். ஒரு பாட்டி, இலை நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டாள்: "கரண்டு உங்களுக்கு. எரிஞ்ச சாம்பல எங்க வைப்பீக?"

பதில் இல்லாமல் பஸ் ஏறினேன். அந்தச் 'சாம்பலி'ல், அதாவது உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளில், இருக்கிற புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டு வேண்டும். உன் உரையிலோ இந்தக் கேள்வி கடைசிப் பத்தியில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. முன்னால் கொண்டுவா.

நிலக்கரிப் புகைக்கு அணு உலை மேல் என்பார்கள். உண்மைதான். "ஆமாம்" என்று ஒப்புக்கொண்டு, பாட்டியின் கேள்வியைக் கேள். அப்புறம், செர்னோபில் அணு உலை விபத்தில் பத்து லட்சம் பேர் செத்ததாக எழுதியிருக்கிறாயே, எங்கே படித்தாய்? அதிகக் கதிர்வீச்சு பட்டவர்களில் 4,000 பேர் வரை சாகலாம் என்பது 2005-ல் ஐ.நா. அமைப்புகள் சொன்ன கணிப்பு. அதை ஏற்காதவர்களும் உண்டு. யார் சொன்ன கணக்கு என்று சொல்லிவிட்டுச் சொல். உன் அம்மா பால் கணக்கைக்கூடக் காலண்டரில் தேதி போட்டுக் குறித்துவைப்பாள். நீ அவள் பெற்ற பிள்ளைதானே?

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா. இடிந்தகரைக்குக் கூட்டிப்போகிறேன். நோட்டும் பென்சிலும் மறக்காதே.