பனைமேற் பருந்தும் கமராவும்

பருந்தைப் படம்பிடிக்கக் காட்டிற்கே செல்லல் வேண்டுமென எண்ணுவாருமுளர். உரும்பிராயிற் செம்மண் தோட்டத்து வரம்பில் நின்றாலே போதும். பலாலி வீதியோரப் பனைகளுக்கு மேலே செம்பருந்து வட்டமிடுவதைக் காணலாம்.

மாணவர் எடுக்கும் படங்களிற் பருந்து பெரும்பாலும் கரிய நிழலாகவே விழுகின்றது. பின்னே ஒளிரும் வானத்தைக் கமரா அளந்து, பறவைக்கு வேண்டிய ஒளியைக் குறைத்துவிடுதலே காரணம். ஆதலின் ஒளியளவை ஒருபடியேனும் கூட்டுக. காலையிற் சூரியன் முதுகுப்புறமாக நின்றால், தாழ்ந்த கதிர் சிறகின் கீழ்ப்புறத்தையும் தொடும். பறக்கும் பறவைக்கு 1/1000 செக்கனோ அதனினும் குறைவோ வேண்டும். உச்சிவேளையில் எடுத்தவற்றை யான் எறிந்தே விட்டேன்.

வெண்மையான தலையும் செங்காவி உடலுமுடைய செம்பருந்தை யாவரும் அறிவர். அதன் இளம்பறவையோ கபில நிறத்தது. கரும்பருந்தென மயங்க இடமுண்டு. படத்தில் வாலை நோக்குக: செம்பருந்தின் வால்நுனி வட்டமானது, கரும்பருந்தினது கவர்பட்டது.

கூட்டை அணுகுதல் மாத்திரம் தகாது. எரிக் ஹொஸ்கிங் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் 1937இல் இரவில் ஆந்தைக் கூட்டருகே சென்று, அதன் நகம் பட்டு ஒரு கண்ணை இழந்தார். பெரும்பாலும் இழப்பு பறவைக்கே. தாய் நீங்கிய வேளையில் முட்டை வெயிலிற் கெடும், காகமும் கொண்டுபோகும். யானும் ஒருமுறை வல்லூற்றின் கூட்டடியிற் காலை முழுவதும் காத்திருந்தேன். அது ஓணானைக் கவ்வியபடி எதிர்வேம்பிலேயே அமர்ந்திருந்தது. படமின்றித் திரும்பி வீதியை அடையுமுன், அது குஞ்சுகளிடம் சென்றுவிட்டது.