சாலைச் சந்திப்பில் இடப்புறம் திரும்புதல்: பயில்நிலை ஓட்டுநர்களுக்கு

மியன்மாவில் 1970ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் முதல் வாகனங்கள் சாலையின் வலப்புறமாகச் செல்கின்றன. ஆயினும் யாங்கூனில் ஓடும் கார்களுள் பல, ஜப்பானிலிருந்து வந்தவை. அவற்றின் ஸ்டியரிங்கும் வலப்புறமே உள்ளது. ஆதலால் ஓட்டுநர் நடுக்கோட்டின் அருகில் அல்லாமல் நடைபாதையோரமாக அமர்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவருக்கு இருக்கை பழகியதே, சாலைதான் புதிது.

வலப்புறம் திரும்புவது எளிது. ஓரத்தை ஒட்டித் திரும்பி, சாலையைக் கடப்போருக்கு வழிவிட வேண்டும். இடப்புறம் திரும்பும்போதோ எதிர்வரும் வாகனங்களின் பாதையைக் குறுக்காகக் கடக்க நேரிடும். எதிர்ப்பக்கத்தில் ஒரு பேருந்தும் இடப்புறம் திரும்பக் காத்து நின்றால், அதன் மறைவில் நேராக விரைந்து வரும் கார் வலப்புற இருக்கையிலிருந்து தெரியாது. பேருந்து ஓட்டுநர் கையசைத்தால், தாம் வழிவிடுவதாக மட்டுமே அதற்குப் பொருள். அடுத்த தடம் காலியாக உள்ளது என்பதன்று. பச்சை விளக்கும் அத்தகையதே. அருகில் அமர்ந்திருப்பவர் "போகலாம்" என்றாலும், ஓட்டுநர் தம் கண்ணால் காணும்வரை நகரலாகாது.

காத்திருக்கையில் முன்சக்கரங்களை நேராக வைத்திருத்தல் நன்று. முன்னரே இடப்புறம் வளைத்துவைத்தால், பின்னாலிருந்து எவரேனும் இடிக்கும்போது கார் எதிர்வரும் வாகனங்களின் முன் தள்ளப்படும்.

பாதை தெளிவானபின் மெதுவாகத் திரும்புக. திரும்பும் தெருவைக் கடந்துகொண்டிருப்போரை இடப்புறக் கண்ணாடித் தூண் மறைக்கக்கூடும். தலையைச் சற்று முன்னே நீட்டிப் பார்த்தபின்னரே முன்செல்க. பின்னால் ஒலிக்கும் ஹாரனுக்கு விடை கூற வேண்டியதில்லை.