எடைப்பந்தும் இளவட்டக்கல்லும்

கேள்வி: வீட்டில் பயிற்சி செய்ய மென்மையான எடைப்பந்து ஏற்றதா?
– வாசகர், கம்பம்

பதில்: மணல் நிரப்பிய எடைப்பந்து, விரல்களின் அழுத்தத்துக்குச் சற்றே குழைந்து பிடி கொடுப்பதாலும், கைதவறினால் துள்ளாமல் விழுந்த இடத்திலேயே தங்கிவிடுவதாலும், வீட்டுக்கு மிகவும் ஏற்றதாகும். தென்மாவட்டச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி இளைஞர்கள் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறியும் இளவட்டக்கல்லோ, வழவழப்பான உருண்டையாதலால் பிடி கிடைக்காமல் நழுவும். அது பயிற்சிக்கு உரியதன்று, வலிமையைச் சோதிப்பதற்கு உரியது. ஒரே பந்து மார்போடு அணைத்தால் இலேசாகவும், கையை நீட்டினால் கனமாகவும் இருக்கக் காரணம், தோள்மூட்டிலிருந்து அது விலக விலக அதன் திருப்புத்திறன், அதாவது கையைக் கீழ்நோக்கித் திருப்பும் விளைவு, கூடுவதேயாகும். ஆகவே 1 கிலோவில் தொடங்கி, மூச்சை அடக்காமல் தூக்குவது நல்லது. உயர் இரத்த அழுத்தமோ தோள்வலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.