மண்ணில் விளைந்த மருந்து

கோடையின் வெம்மையால் வறண்டு கிடக்கும் நிலத்தில் முதல் மழைத்துளி விழுந்தவுடன் இனியதொரு மணம் எழுகின்றது. மண்வாசனை என்று நாம் அதனைப் பாராட்டுகின்றோம். அம்மணம் மண்ணுக்கே இயல்பாக உரியது என்று பலரும் எண்ணுவர். உண்மையில், மண்ணுள் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளே அதற்குப் பெரிதும் காரணமாகும். அந்நுண்ணுயிர்களுள் தலையாயது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியா இனம். மணத்தைத் தரும் இச்சிற்றுயிர், கொடிய நோய்களை வெல்லும் மருந்தையும் மனித குலத்துக்கு வழங்கியுள்ளது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் அச்சமே முதலில் தோன்றுகின்றது. காலரா, காச நோய், தொழுநோய் ஆகியவற்றை விளைவிப்பவை பாக்டீரியாக்களே என்பது மெய்தான். ஆயினும், நோய் செய்வன மிகச் சிலவே. தீங்கற்றனவும் நன்மை புரிவனவுமே மிகப் பல. பாலைத் தயிராக்குவது பாக்டீரியா. அவரைச் செடியின் வேர் முண்டுகளில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குவது பாக்டீரியா. உதிர்ந்த இலைகளையும் மடிந்த உயிர்களையும் மட்கச் செய்து உரமாக்குவதும் அதுவே. ஒரு கிராம் வளமான மண்ணில் பல கோடிப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன.

இத்துணைக் கோடி உயிர்கள் சிறியதோர் இடத்தில் நெருங்கி வாழும்போது, உணவுக்கும் இடத்துக்கும் போட்டி எழுவது இயற்கையன்றோ? பல்லும் நகமும் இல்லாத இவ்வுயிர்கள் இரசாயனப் பொருள்களையே படைக்கலமாகக் கொண்டுள்ளன. ஓரினம் தன்னைச் சுற்றிலும் ஒரு பொருளைச் சுரக்கின்றது. அதன் எல்லைக்குள் வரும் பிறவினம் வளராமல் ஒடுங்குகின்றது அல்லது மடிகின்றது. நோயால் இறந்த மனிதரையும் விலங்குகளையும் தொன்றுதொட்டு மண்ணில் புதைத்து வருகின்றோம். அங்ஙனமாயின், மண் முழுவதும் நோய்க்கிருமிகளால் நிறைந்திருக்க வேண்டுமே! அவ்வாறு நிறையவில்லை. மண்ணிற் புகும் நோய்க்கிருமிகளுட் பல, அங்கே நெடுநாள் நிலைத்து வாழ்வதில்லை. அவற்றை அழிப்பவை எவை? இவ்வினாவே ஆராய்ச்சியாளர் சிலரின் உள்ளத்தைத் தூண்டியது.

அவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டில் பிறந்த ரெனே டூபோ. அவர் நியூயார்க்கிலிருந்த ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். மண்ணை ஒரு கலத்தில் இட்டு, அதனுடன் உயிருள்ள கிருமிகளைத் திரும்பத் திரும்பக் கலந்து வந்தார். அக்கிருமிகளை அழித்து வாழவல்ல உயிர் மண்ணில் இருக்குமாயின், அது பெருகித் தன்னை வெளிப்படுத்தும் என்பது அவர் கருத்து. அவர் எண்ணியவாறே ஒரு பாக்டீரியா வெளிப்பட்டது. அதிலிருந்து 1939ஆம் ஆண்டில் கிராமிசிடின் முதலிய பொருள்களைப் பிரித்தெடுத்தார். ஆனால், அப்பொருள்கள் குருதியிற் கலந்தால் சிவப்பணுக்களைச் சிதைத்தன. ஆதலின், மேற்புண்களுக்கு இடும் மருந்தாக மட்டுமே அவை பயன்பட்டன. எனினும், மண்ணில் மருந்து உண்டு என்னும் உண்மை உறுதியாயிற்று.

டூபோவின் ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மன் என்பவர். அவர் 1888ஆம் ஆண்டில் இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று, நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ரட்கர்ஸ் கல்வி நிலையத்தில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்வதே அவர் வாழ்நாட்பணியாக இருந்தது. மாணவர் கண்ட வழி ஆசிரியரையும் ஊக்கியது. வாக்ஸ்மனும் அவர்தம் மாணவர்களும் பலவிடத்து மண்ணைக் கொணர்ந்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைக் கூழ் போன்ற உணவு பரப்பிய தட்டுகளில் வளர்த்தனர். அத்தட்டில் நோய்க்கிருமிகளையும் இட்டனர். ஏதேனும் ஒரு நுண்ணுயிரைச் சுற்றிக் கிருமிகள் வளராமல் தெளிந்த வளையம் தோன்றின், அதுவே அவர்கள் தேடிய அடையாளம். 1940ஆம் ஆண்டில் ஆக்டினோமைசின் என்னும் பொருள் கிடைத்தது. அது விலங்குகளுக்குக் கொடிய நஞ்சாயிற்று. 1942ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோத்ரிசின் கிடைத்தது. அதுவும் உடலுக்குத் தீங்கு செய்தது. கிருமியைக் கொல்வது எளிது. நோயாளியைக் காத்துக் கிருமியை மட்டும் கொல்வதே அரிது என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

அந்நாளில் உலகை வாட்டிய நோய்களுள் கொடியது காச நோய். எலும்புருக்கி என்று நம் முன்னோர் அதனை அஞ்சி அழைத்தனர். இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். ஆயினும், அறுபது ஆண்டுகள் கடந்தும் அதற்கு ஏற்ற மருந்து கிடைக்கவில்லை. பெரும்புகழ் பெற்ற பெனிசிலினும் அக்கிருமியின்முன் பயனற்றுப் போயிற்று.

1943ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் வாக்ஸ்மனிடம் ஆராய்ச்சி மாணவராகப் பணிபுரிந்தார். அவருக்கு அப்போது வயது 23. காச நோய்க்கிருமியைக் கையாள்வது உயிருக்கு ஆபத்தானது. ஆதலின், கட்டடத்தின் நிலவறையில் தனியே அமர்ந்து அவர் ஆராய்ந்தார். இரவிலும் அவர் அங்கேயே உறங்குவதுண்டு. காய்ச்சி வடிக்கும் குடுவையில் சிவப்புக் கோடு ஒன்று இட்டு வைப்பார். நீர்மம் அக்கோட்டிற்கு இறங்கியதும், இரவுக் காவலர் வந்து அவரை எழுப்பிவிடுவார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 19ஆம் நாள் அவர் உழைப்பு பயன் தந்தது. எரு நிறைந்த மண்ணிலிருந்து ஒன்றும், ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியிலிருந்து ஒன்றுமாக, ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் பாக்டீரியாவின் இரண்டு வகைகளை அவர் பிரித்தெடுத்தார். அவை சுரந்த பொருளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்று பெயரிடப்பட்டது. ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன் ஆகிய மூவர் பெயராலும் 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செய்தி வெளியாயிற்று.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பெல்ட்மன், ஹின்ஷா என்னும் மருத்துவ அறிஞர் இருவர், காச நோயுற்ற கினிப் பன்றிகளுக்கு இம்மருந்தைச் செலுத்தி நற்பயன் கண்டனர். பின்னர் அது மனிதருக்கும் வழங்கப்பட்டது. பிரிட்டனுக்கு அப்போது சிறிதளவு மருந்தே கிடைத்தது. எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்க இயலாத நிலையில், 1947ஆம் ஆண்டில் முறையான சோதனை ஒன்று தொடங்கப் பெற்றது. 107 நோயாளிகளுள் யாருக்கு மருந்து என்பதை எவர் விருப்பத்துக்கும் விடாமல், சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு முறையால் முடிவு செய்தனர். ஆறு திங்கள் கழிந்தபோது, மருந்து பெற்ற 55 பேருள் நால்வர் இறந்திருந்தனர். ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேருள் 14 பேர் இறந்திருந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயத்துக்கு இடமின்றி விளங்கிற்று.

இம்மருந்து கிருமியை எவ்வாறு அழிக்கின்றது? ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் புரதத்தைச் செய்யும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவின் அவ்வுறுப்பில் ஒட்டிக்கொள்கின்றது. அதனால், அவ்வுறுப்பு தனக்கு வந்த கட்டளையைப் பிழைபடப் படிக்கின்றது. பிழையான புரதங்கள் பெருகிக் கிருமி மடிகின்றது. மனித உயிரணுவில் உள்ள உறுப்பின் அமைப்பு வேறு. ஆதலின், அது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. ஆயினும், இம்மருந்து முற்றும் தீங்கற்றதன்று. சிலருக்கு இது செவிப்புலனைக் கெடுத்தது. உடலின் சமநிலையையும் குலைத்தது.

மற்றொரு துன்பமும் தோன்றிற்று. தொடக்கத்தில் நலம் பெற்ற நோயாளிகள் பலர் சில திங்களில் மீண்டும் நலிந்தனர். கிருமிகளுள் மிகச் சில, மருந்தைத் தாங்கும் திறனுடன் தற்செயலாகத் தோன்றுகின்றன. மருந்து ஏனையவற்றைக் கொன்றுவிட, எஞ்சிய அவை தடையின்றிப் பெருகிவிடுகின்றன. ஒரே மருந்தைக் கொண்டு இப்போரில் வெல்ல இயலாது என்பது புலனாயிற்று. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பிய கிருமி மற்றொன்றால் அழியும். இவ்வுண்மையே இன்று வரை காச நோய் மருத்துவத்தின் அடிப்படையாக விளங்குகின்றது. கூட்டு மருந்து முறையை ஆராய்வதற்கென 1956ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு நிலையம் தோன்றியது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டால், எளிய வீட்டில் இருந்தவாறே நோயாளி குணம் பெறலாம் என்பதை 1959ஆம் ஆண்டில் அந்நிலையம் உலகுக்குக் காட்டியது. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத ஏழை மக்களுக்கு அது பெரும்பேறாக அமைந்தது.

இவ்வரலாற்றில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மருந்தின் புகழும் அதன் வருவாயும் வாக்ஸ்மனையே சார்ந்தன. தம் பங்கு மறைக்கப்படுவதாகக் கருதிய ஷாட்ஸ், 1950ஆம் ஆண்டில் நீதிமன்றத்தை நாடினார். அவ்வாண்டிலேயே வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஷாட்ஸும் இம்மருந்தைக் கண்டவருள் ஒருவர் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும், 1952ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. நெடுங்காலம் கழித்து, 1994ஆம் ஆண்டில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷாட்ஸுக்குப் பதக்கம் அளித்துப் பெருமை செய்தது. வழி வகுத்த ஆசிரியருக்கும் நிலவறையில் உழைத்த மாணவருக்கும் உரிய பங்கை உலகம் உடனே பகிர்ந்தளிக்கவில்லை. அறிவை நாடுவோர் உண்மையைப் போன்றே நடுவுநிலைமையையும் போற்றுதல் வேண்டும்.

ஸ்ட்ரெப்டோமைசின் காட்டிய வழியில் வேறு பல மருந்துகளும் மண்ணிலிருந்து வெளிவந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய அமெரிக்க ஆராய்ச்சிக் கூடத்தில், பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய அறிஞர் ஆரியோமைசினைக் கண்டார். அது 1948ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இன்று காச நோய்க்குத் தலையாய மருந்தாக விளங்கும் ரிபாம்பிசின், பிரான்சு நாட்டின் தென்கடற்கரை மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் பொருளிலிருந்து ஆக்கப்பட்டதே. தயிர் முதலிய பால்பொருள்களுடன் தொடர்புடைய பாக்டீரியாக்களின் கூட்டத்துள் ஒன்று நிசின் என்னும் பொருளைத் தருகின்றது. உணவு கெடாமல் காக்க அது பயன்படுகின்றது.

இத்துணை மருந்துகள் கிடைத்தும் போர் ஓயவில்லை. வேண்டாதபோது மருந்தை உண்பதாலும், வேண்டியபோது பாதியில் நிறுத்துவதாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி வருகின்றன. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் வளர்வதில்லை. ஆதலின், அவற்றை மண்ணுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் புதிய முறையை ஆராய்ச்சியாளர் கண்டனர். அம்முறையால் கிடைத்த டெய்க்ஸோபாக்டின் என்னும் பொருளை 2015ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். புதிய மருந்தைத் தேடுவது அறிஞர் கடமை. இருக்கும் மருந்தின் ஆற்றலைக் காப்பது நம் கடமை. மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரை உட்கொள்வோமாக. அவ்வாறு நடப்பவர் தம்மை மட்டுமன்றி, தம் அண்டை அயலாரையும் காத்தவர் ஆவர்.